பெடல் இறுகினால் ஒன்று, உள்ளே இறங்கினால் வேறு: பிக்கப் டிரக் பிரேக் புகார்களுக்குப் பின்னால் இருப்பவை

அமெரிக்காவில் பிக்கப் டிரக் வைத்திருப்பவர்கள் பிரேக் பற்றிச் சொல்லும் குறைகளைத் தொடர்ந்து படித்தால் சில வரிகள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். பெடல் திடீரென்று கல் மாதிரி இறுகிக்கொண்டது, முழு பலத்தையும் போட்டு மிதித்த பிறகுதான் வண்டி நின்றது. சிக்னலில் நிற்கும்போது கால் வைத்திருக்க வைத்திருக்க பெடல் மெல்ல உள்ளே இறங்குகிறது. பார்க்கிங்கில் ஊர்ந்து வரும்போது காலடியில் கடகடவென்று அதிர்ந்து வண்டி இன்னும் கொஞ்சம் முன்னால் போய் நின்றது. அப்புறம் எல்லாவற்றிலும் வரும் கடைசி வரி: டீலரிடம் கொண்டுபோனேன், ஓட்டிப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

பிரேக் வேலை செய்கிறது, பிரேக் போய்விட்டது என்ற இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி ஒன்று இருக்கிறது. மேலே சொன்ன புகார்கள் எல்லாம் அந்த இடைவெளியில்தான் விழுகின்றன. வண்டி நிற்கிறது, ஆனால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. சட்டமும், விசாரணை அமைப்பும், சர்வீஸ் சென்டரும் 'போய்விட்டது' என்ற நிலையைப் பார்க்கப் பழகியிருக்கும் அளவுக்கு இந்த நடு நிலையைப் பார்க்கப் பழகவில்லை என்பது என் கருத்து. ஏன் அப்படி என்று சொல்ல, முதலில் பெடலுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பெடல் கல்லாவது எப்படி

இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள ஒரு வண்டியை வெறும் கால் பலத்தால் நிறுத்துவது பெரும்பாடு. அதனால் பெடலுக்கும், பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவே பூஸ்டர் என்று ஓர் உருண்டை டப்பா இருக்கும். அதற்குள் ஒரு ரப்பர் திரை. மிதிக்காதபோது திரையின் இரண்டு பக்கமும் வெற்றிடம். மிதித்ததும் ஒரு பக்கம் வெளிக்காற்று உள்ளே வர, அந்தக் காற்றழுத்தம் திரையைத் தள்ளி, நம் கால் கொடுக்கும் விசையைப் பல மடங்காக்கிக் கொடுக்கிறது. பழைய பெட்ரோல் எஞ்சின்களில் இந்த வெற்றிடம் எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயிலிருந்தே தாராளமாகக் கிடைத்தது. டர்போ வந்தது, நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் முறை வந்தது, எரிபொருள் மிச்சம் பிடிக்க ஓடும்போதே பாதி சிலிண்டர்களை அணைத்துவைக்கும் வசதி வந்தது. இவை ஒவ்வொன்றும் அந்த இலவச வெற்றிடத்தைக் குறைத்தன. ஆகவே எஞ்சினால் சுழலும் தனி வேக்யூம் பம்ப் ஒன்றைச் சேர்த்தார்கள். (டீசலில் இந்த வெற்றிடம் ஆரம்பத்திலிருந்தே கிடையாது, அதனால்தான் பெரிய டீசல் பிக்கப்களில் பவர் ஸ்டீயரிங் ஆயிலின் அழுத்தத்தையே பிரேக்குக்கும் பயன்படுத்தும் ஹைட்ரோபூஸ்ட் முறை பரவலாக இருக்கிறது.)

அந்த பம்ப் தேய்ந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய சாட்சி ஜெனரல் மோட்டார்ஸ் விவகாரம். 2018 நவம்பரில் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், அதாவது என்.எச்.டி.எஸ்.ஏ., செவர்லே சில்வராடோ, ஜிஎம்சி சியெரா உள்ளிட்ட சுமார் 27 லட்சம் பிக்கப்கள், எஸ்யூவிகள் மீது முதற்கட்ட விசாரணை தொடங்கியது. அப்போது அதன் கையில் இருந்தவை 111 புகார்கள், 9 மோதல்கள், 2 பேருக்குக் காயம். சொல்லப்பட்ட குறை ஏறக்குறைய ஒன்றுதான்: மிதிக்க அதிக பலம் தேவைப்படுகிறது, நிற்க அதிக தூரம் ஆகிறது. 2019 செப்டம்பரில் 2014 முதல் 2018 வரையிலான மாடல்களில் சுமார் 34.6 லட்சம் வண்டிகளை ஜிஎம் ரீகால் செய்தது, அதாவது இலவசமாகச் சரிசெய்து தரத் திரும்ப அழைத்தது. பம்ப் உண்டாக்கும் வெற்றிடம் காலப்போக்கில் குறையக்கூடும் என்பதுதான் சொன்ன காரணம்.

இதில் நான் கவனிக்கச் சொல்வது, அவர்கள் கொடுத்த தீர்வை. பம்பை மாற்றவில்லை. பிரேக்கைக் கட்டுப்படுத்தும் கணினியின் மென்பொருளை மாற்றினார்கள். வெற்றிடம் போதாத நேரத்தில், சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பிலுள்ள மின் பம்ப் கூடுதல் அழுத்தம் கொடுத்து உதவும் வசதி அந்த வண்டிகளில் ஏற்கெனவே இருந்தது. அது எப்போது, எப்படி உதவிக்கு வர வேண்டும் என்பதைத்தான் திருத்தினார்கள். பாதுகாப்பு என்ற அளவில் அது ஏற்கத்தக்க தீர்வு. ஆனால் உரிமையாளர் பக்கத்திலிருந்து பார்த்தால், தேயும் பம்ப் தேய்ந்துகொண்டேதான் இருக்கும். ரீகால் வேலை முடிந்த வண்டியிலும் பெடல் மறுபடி இறுகுவதாகத் தோன்றினால் 'அதுதான் சரிசெய்தாயிற்றே' என்று விட்டுவிடக் கூடாது.

இந்தக் குறை டீலரிடம் போனால் ஏன் காணாமல் போகிறது என்பதும் இப்போது புரியும். பூஸ்டருக்குள் ஒன்றிரண்டு மிதிக்குப் போதுமான வெற்றிடம் எப்போதும் சேமிப்பில் இருக்கும். நெடுஞ்சாலையில் நேராக ஓட்டி ஒரு முறை பிரேக் போட்டால் எல்லாம் கச்சிதமாக இருக்கும். பார்க்கிங்கில் முன்னும் பின்னும் எடுத்து, அடுத்தடுத்து நாலு முறை மிதிக்கும்போதுதான், அதுவும் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதுதான், சேமிப்பு தீர்ந்து பெடல் இறுகும். மெக்கானிக் ஐந்து நிமிடம் சாலையில் ஓட்டிப் பார்ப்பதில் அது சிக்காது. அவர் பொய் சொல்லவில்லை, சோதித்த விதம் தவறு.

70 மீட்டரும் 168 மீட்டரும்

சரி, இவ்வளவு இறுகினால் அது சட்டப்படியே தவறில்லையா என்று கேட்கலாம். அமெரிக்காவில் மொத்த எடை வரம்பு 3,500 கிலோ வரையுள்ள வண்டிகளுக்கான பிரேக் தரவிதி 135 என்ற எண் கொண்டது. அதன்படி பிரேக் எல்லாம் சரியாக இருக்கும் வண்டி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 70 மீட்டருக்குள் நிற்க வேண்டும், பெடலில் கொடுக்கும் விசை 500 நியூட்டனைத் தாண்டக் கூடாது. 500 நியூட்டன் என்றால் சுமார் 50 கிலோ எடையைக் காலால் அழுத்துவது போல.

அதே விதியில் இன்னொரு சோதனை உண்டு: பூஸ்டர் உதவி முற்றிலும் இல்லாதபோது. அங்கே வரம்பு 168 மீட்டர். பிரேக் ஆயில் ஓடும் இரண்டு தனித்தனிச் சுற்றுகளில் ஒன்று செயலிழந்தாலும் அதே 168 மீட்டர்தான்.

இந்த விதியில் தவறில்லை, ஏதாவது ஒன்று பழுதானாலும் வண்டி எப்படியாவது நின்றாக வேண்டும் என்பதற்காக வைத்தது. ஆனால் அது புதிய வண்டி விற்பனைக்கு வரும்போது காட்ட வேண்டிய தகுதி. ஆறு வருடம் ஓடிய வண்டியில் பம்ப் பாதி தேய்ந்து, உதவி சில நேரம் வருகிறது, சில நேரம் வரவில்லை என்ற நிலைக்கு எந்த எண்ணும் கிடையாது. இடையில் இருக்கும் 98 மீட்டரில் என்னென்னவோ நடக்கலாம். முன்னால் நிற்கும் கார், நடந்து கடப்பவர், ரயில்வே கேட். 'வண்டி நின்றது, ஆகவே பிரேக் வேலை செய்கிறது' என்று ஒருவர் சொல்லும்போது, இந்த 98 மீட்டரை அவர் கணக்கில் எடுக்கவில்லை என்றுதான் பொருள்.

இந்தச் சோதனைகள் வண்டி கிட்டத்தட்ட காலியாக இருக்கும்போதும், முழுப் பாரத்துடனும் நடக்கின்றன. பின்னால் டிரெய்லர் கட்டி நடப்பதில்லை. பிக்கப் வாங்குபவர்களில் பலர் வாங்குவதே படகையும் கேம்பரையும் இழுக்கத்தான் என்பதை நினைத்தால் இது சின்ன விஷயமல்ல.

தரையில் சொட்டாத லீக்

பெடல் இறுகாமல் உள்ளே இறங்கினால் அது வேறு வியாதி. அங்கே பூஸ்டரைச் சந்தேகிப்பதை விட்டு ஆயில் பக்கம் பார்க்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் ஒரு ஊசி சிரிஞ்சு மாதிரிதான், பிஸ்டன் தள்ளத் தள்ள பிரேக் ஆயில் நாலு சக்கரத்துக்கும் அழுத்தத்தைக் கொண்டுபோகிறது. 1960களிலிருந்தே அமெரிக்க வண்டிகளில் இதை இரண்டு தனித்தனிச் சுற்றுகளாகப் பிரித்துவிட்டார்கள், ஒன்று போனாலும் மற்றது இருக்கட்டும் என்று. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் தேய்ந்தாலோ உருண்டாலோ ஆயில் அதைத் தாண்டிக் கசியும், காலை அழுத்தி வைத்திருக்கும்போதே பெடல் மெல்ல இறங்கும்.

ஃபோர்டு எஃப்-150 வண்டிகளில் நடந்தது இதுதான். 2016 மே மாதம் 3.5 லிட்டர் டர்போ வி6 எஞ்சின் உள்ள 2013, 2014 மாடல்களில் சுமார் 2.71 லட்சம் வண்டிகளை நிறுவனம் ரீகால் செய்தது. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஆயில் பூஸ்டருக்குள்ளேயே கசிகிறது, முன் சக்கரங்களுக்கான சுற்று பலமிழக்கிறது என்பது குறை. கசிவு பூஸ்டருக்குள் போவதால் வண்டிக்கு அடியில் ஒரு சொட்டுகூட விழாது. ஓட்டுநர் காலையில் தரையைப் பார்க்கிறார், சுத்தமாக இருக்கிறது. சக்கரத்துக்குப் பின்னால் பார்க்கிறார், அங்கும் ஈரமில்லை. ஆனால் ஆயில் டப்பாவில் அளவு குறைகிறது. பேட் தேயும்போதும் ஆயில் மட்டம் கொஞ்சம் இறங்கும் என்பதால் பலர் ஆயிலை நிரப்பிவிட்டு மேலே ஓட்டுகிறார்கள். இப்படி நிரப்பிக்கொண்டே இருப்பதுதான் ஆபத்து. பேட் புதிதாக இருக்கும்போதும் ஆயில் குறைந்தால் அது எங்கோ போய்க்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

முன் சக்கரச் சுற்று போவது பின் சக்கரச் சுற்று போவதைவிட மோசம். பிரேக் போட்டதும் எடை முன்னால் சாய்கிறது, காலி பிக்கப்பில் பின்பக்கம் ஏற்கெனவே லேசு. பின் சக்கரங்களை மட்டும் நம்பி நிறுத்தினால் பிடிமானம் மிகக் குறைவு. சட்டம் அனுமதிக்கும் அந்த 168 மீட்டர் கணக்கு நினைவுக்கு வருகிறதா?

அந்த 2016 ரீகாலோடு கதை முடியவில்லை. 2020-இல் அதே எஞ்சின் உள்ள 2014 முதல் 2017 வரையிலான எஃப்-150 வண்டிகளில் வட அமெரிக்காவில் சுமார் 3.44 லட்சம் வண்டிகள் அதே வகைக் குறைக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. இடைப்பட்ட நான்கு வருடம் அந்த வண்டிகளை ஓட்டியவர்களிடம் யாராவது 'உங்கள் வண்டி ரீகாலில் இல்லை' என்று சொல்லியிருந்தால் அது அன்றைக்கு உண்மை, ஆனால் வண்டி நன்றாக இருக்கிறது என்பதற்கு அது அத்தாட்சி அல்ல. ரீகால் பட்டியல் என்பது அந்தத் தேதி வரை கிடைத்த தகவலை வைத்து நிறுவனம் போட்ட எல்லைக்கோடு. எல்லைக்கு ஒரு மாதம் தள்ளித் தயாரான வண்டிக்குள் வேறு ரப்பர் வளையம் இருக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை.

துரு: பழுதா, முதுமையா

எனக்கு மிகவும் உறுத்துவது துரு விவகாரம். பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவும் மாநிலங்களில், வண்டிக்கு அடியில் ஓடும் எஃகு பிரேக் குழாய்கள் பத்துப் பதினைந்து வருடத்தில் அரித்துப்போகின்றன. ஒரு நாள் அவசரமாக மிதிக்கும்போது, அதாவது குழாயில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது, குழாய் வெடிக்கிறது. சாதாரண நாளில் தாங்கிய குழாயும் அவசரத்தில் வெடிக்கலாம்.

2010-இல் என்.எச்.டி.எஸ்.ஏ. ஜிஎம் நிறுவனத்தின் பழைய பிக்கப்கள், எஸ்யூவிகளில் இந்தக் குழாய் அரிப்பை விசாரிக்கத் தொடங்கியது. சுமார் 50 லட்சம் வண்டிகள். 2015 ஏப்ரலில் ரீகால் இல்லாமலே விசாரணையை முடித்தது. அதே வயதுள்ள மற்ற நிறுவன வண்டிகளிலும் இதே அரிப்பு இருக்கிறது, இது ஆயுள் முடியும் கட்டத்தில் வரும் தேய்மானம், குறிப்பிட்ட தயாரிப்புக் குறை அல்ல என்பது முடிவு. கூடவே 2007 மற்றும் அதற்கு முந்தைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: குளிர்காலம் முழுவதும் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள், குழாய்களைச் சோதியுங்கள், அரித்திருந்தால் ஒட்டுப்போடாமல் முழுவதையும் மாற்றுங்கள்.

இதற்குப் பத்து வருடம் முன்பு அதே குடும்ப வண்டிகளில், அதே உப்பால் வந்த துருவுக்கு, வேறு முடிவு கிடைத்தது. 2005-இல் ஜிஎம் 1999 முதல் 2002 வரையிலான சுமார் 8 லட்சம் பிக்கப்கள், எஸ்யூவிகளை உப்பு அதிகம் தூவும் மாநிலங்களில் ரீகால் செய்தது. முன் சக்கரத்தின் வேகத்தை அளக்கும் சென்சார் உட்காரும் இடத்தில் துரு ஏறி, சென்சாரைக் கொஞ்சம் தூக்கிவிடுகிறது. இடைவெளி கூடியதும் சிக்னல் பலவீனமாகிறது. ஊர்ந்து வந்து நிற்கப் போகும் நேரத்தில், ஏபிஎஸ் கணினி அந்தச் சக்கரம் வழுக்கி நின்றுவிட்டதாக நினைத்து பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கிறது. பெடலில் கடகட அதிர்வு, வண்டி முன்னே போகிறது. தொடக்கத்தில் சொன்ன மூன்றாவது புகார் இதுதான்.

ஒன்று வழுக்கல் கட்டுப்பாட்டுக் குழப்பம், அதற்கு இலவசப் பழுதுபார்ப்பு. இன்னொன்று குழாயே வெடிப்பது, அதற்குக் கழுவச் சொல்லும் அறிவுரை. என்.எச்.டி.எஸ்.ஏ.வின் தர்க்கம் எனக்குப் புரியாமல் இல்லை. எல்லாப் பழைய வண்டிகளிலும் நடப்பதை ஒரு நிறுவனத்தின் குறை என்று சட்டப்படி நிறுவுவது கடினம், நீதிமன்றத்தில் நிற்காது. ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி அரிக்கும் குழாயைப் போட்டார்கள் என்பது எல்லோருமே தவறு செய்தார்கள் என்பதற்கான சான்றாகவும் இருக்கலாம் இல்லையா? பிரேக் குழாய் ரேடியோ மாதிரியோ இருக்கை உறை மாதிரியோ தேய்ந்தால் பரவாயில்லை என்று விடும் பொருள் அல்ல. அந்த வண்டியை மூன்றாவது, நான்காவது கையாக வாங்கி ஓட்டுபவர் பெரும்பாலும் புது வண்டி வாங்க வசதியில்லாதவர். செலவு அவர் தலையில் விழுந்தது.

ஒரு நாளைக்கு 330 புகார், பார்ப்பவர் ஒருவர்

ஒருவர் என்.எச்.டி.எஸ்.ஏ.வில் புகார் பதிந்தால் அது தனி வழக்காக நடக்காது, உங்கள் டீலரிடம் பேசி அவர்கள் பஞ்சாயத்து செய்ய மாட்டார்கள். புகார் ஒரு குவியலில் சேரும், அந்தக் குவியலில் ஒரே மாதிரியானவை தெரிந்தால் முதற்கட்ட ஆய்வு, அதில் விஷயம் இருந்தால் பொறியியல் ஆய்வு, அப்புறம் ரீகால் கேட்பது. 2000-இல் வந்த டிரெட் என்ற வாகனப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நிறுவனங்களும் தங்களுக்கு வரும் மரணம், காயம், உத்தரவாதக் கோரிக்கை விவரங்களைக் காலாண்டுக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும்.

அந்தக் குவியலை யார் பிரிக்கிறார்கள்? ஓடும்போதே எஞ்சினை அணைத்துவிடக்கூடிய ஜிஎம் இக்னிஷன் ஸ்விட்ச் விவகாரத்துக்குப் பிறகு 2015-இல் போக்குவரத்துத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் ஓர் அறிக்கை கொடுத்தது. நாளொன்றுக்குச் சுமார் 330 புகார்களை முதல் கட்டத்தில் சலிப்பது ஒரே ஓர் அலுவலர், அவற்றில் ஏறத்தாழ 90 சதவீதம் அந்த நிலையிலேயே ஒதுக்கிவைக்கப்படுகின்றன என்று அதில் இருந்தது. அதன் பிறகு முறைகள் மாறியிருந்தாலும், அடிப்படைச் சிக்கல் மாறாதது: புகார் எழுதுபவர் என்ன எழுதுகிறாரோ அதுதான் சல்லடையின் மேல் விழுகிறது. 'பிரேக் சரியில்லை, மிக மோசமான வண்டி, இனி இந்த கம்பெனி பக்கமே போக மாட்டேன்' என்று எழுதினால் கோபம் தெரியும், எந்தப் பாகம் என்று தெரியாது.

அதனால் ஒரு புகாரில் முதலில் வர வேண்டியது கால் உணர்ந்தது என்பேன். பெடல் இறுகியதா, இறங்கியதா, அதிர்ந்ததா, இல்லை பெடலில் எந்த வித்தியாசமும் இல்லாமல் வண்டி மட்டும் நிற்கவில்லையா. கடைசியாகச் சொன்னது பேட் அல்லது டிஸ்க் சூடேறி வழுக்குவதைக் காட்டும், மலை இறக்கத்தில் பாரத்தோடு வரும்போது அதிகம் நடப்பது அது. எஞ்சின் குளிர்ந்திருந்ததா, வேகம் என்ன, அதற்கு முன் அடுத்தடுத்து எத்தனை முறை மிதித்தீர்கள், டேஷ்போர்டில் எந்த விளக்கு எரிந்தது, பின்னால் டிரெய்லர் இருந்ததா, எத்தனை மைல் ஓடியது, வண்டியின் அடையாள எண்ணான 17 இலக்க வின் எண். இவ்வளவும் இருந்தால் நூறு பேர் தனித்தனியே எழுதியது ஒரே பம்பைக் காட்டுகிறது என்பதை ஒருவர் கண்டுபிடிக்க முடியும். சர்வீஸ் சென்டரிலும் அப்படியே: நீங்கள் சொன்ன குறையை உங்கள் வார்த்தையிலேயே வேலைச் சீட்டில் எழுதச் சொல்லி நகல் வாங்கிக்கொள்ளுங்கள். 'குறை தென்படவில்லை' என்று எழுதித் தந்தாலும் அந்தச் சீட்டு முக்கியம், பிற்பாடு அதே குறைக்கு ரீகால் வந்தால் நீங்கள் எப்போது சொன்னீர்கள் என்பதற்கு அது ஆதாரம்.

டீலர் சில சமயம் 'இதற்கு ஒரு சர்வீஸ் புல்லட்டின் இருக்கிறது' என்பார். அதை ரீகாலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். புல்லட்டின் என்பது மெக்கானிக்குக்கு நிறுவனம் அனுப்பும் பழுதுபார்ப்பு வழிகாட்டல், உத்தரவாதக் காலம் முடிந்திருந்தால் காசு உங்களுடையது. ஆனால் நிறுவனத்துக்கே அந்தக் குறை தெரியும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது. புகாரில் அதன் எண்ணைச் சேர்த்து எழுதுங்கள்.

புதிய வண்டியில் புதிய குறைகள்

புது பிக்கப்களில் குறை பெடலை விட்டு ஒயருக்கும் மென்பொருளுக்கும் நகர்ந்திருக்கிறது. 2023-இல் ஃபோர்டு 2021 முதல் 2023 வரையிலான எஃப்-150 வண்டிகளில் சுமார் 8.7 லட்சத்தை ரீகால் செய்தது, பின் அச்சில் உரசி ஒயர் தேய்ந்து, யாரும் கேட்காமலே மின் பார்க்கிங் பிரேக் விழக்கூடும் என்று. 2024-இல் ரேம் 1500 வண்டிகளில் 12 லட்சத்துக்கு மேல், ஏபிஎஸ் கணினியின் மென்பொருள் வண்டியின் நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டை அணைத்துவிடலாம் என்பதற்காக. 2025-இல் டொயோட்டா டகோமா நாலு சக்கர இழுவை மாடல்களில் ஒரு லட்சத்துக்கு மேல். பின் சக்கரத்தின் உட்புறம் அப்பும் சேறு பிரேக் ஹோஸை உரசிச் சேதப்படுத்துகிறது. சேற்றில் ஓட்டத்தான் அந்த மாடலே விற்கப்படுகிறது என்பதால் இந்தக் கடைசிக் குறை எனக்கு மன்னிக்க முடியாததாகத் தோன்றுகிறது.

நியாயமாக இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். புகார்களில் ஒரு பங்கு உரிமையாளர் செய்த மாற்றத்தால் வருவது. பெரிய டயர் போட்டால் அதே பிரேக் தரையில் கொடுக்கும் பிடி குறையும், சக்கரத்தின் ஆரம் கூடியதால். வண்டியை உயர்த்தும்போது நீளம் போதாத ஹோஸ் இழுபடும். பழைய பிக்கப்களில் பின் அச்சுக்கு எவ்வளவு பாரம் வந்திருக்கிறது என்று பார்த்துப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு, உயரத்தை மாற்றினால் அது ஏமாந்துபோகும். பிரேக் ஆயிலும் அப்படித்தான். டாட் 3 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது என்பது விதி. காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்த பிறகு அந்த வரம்பு 140. ஐந்தாறு வருடம் மாற்றாத ஆயிலோடு டிரெய்லர் இழுத்து மலை இறங்கினால், ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டாகி, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இதை நிறுவனத்தின் மேல் போட முடியாது. பல மாநிலங்கள் 3,000 பவுண்டுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம் என்று வைத்திருப்பதும் இதனால்தான்.

ஓடும்போதே நடந்தால் என்ன செய்வது என்பதிலும் இறுகுவது, இறங்குவது என்ற வித்தியாசம் உயிர் காக்கும். இறுகினால் விட்டு விட்டு மிதிக்கக் கூடாது, ஒவ்வொரு மிதியும் சேமிப்பில் மிச்சமிருக்கும் வெற்றிடத்தைத் தின்றுவிடும். முழு பலத்தோடு ஒரே அழுத்தாக அழுத்தி அப்படியே பிடிக்க வேண்டும். உள்ளே இறங்கினால் நேர்மாறு, வேகமாகப் பல முறை மிதித்தால் கொஞ்சம் அழுத்தம் திரும்பக் கிடைக்கலாம். இரண்டிலும் கியரைக் குறைத்து எஞ்சினையும் இழுக்க விடுங்கள், எஞ்சினை அணைக்காதீர்கள். மின் பார்க்கிங் பிரேக் என்றால் பெரும்பாலான வண்டிகளில் ஸ்விட்சை விடாமல் பிடித்திருந்தால் அவசர பிரேக்காக வேலை செய்யும்; உங்கள் வண்டியில் எப்படி என்று கையேட்டில் இப்போதே பார்த்துவையுங்கள்.

பழைய வண்டி வாங்கியவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். முதல் விற்பனையிலிருந்து 15 வருடம் வரை பாதுகாப்பு ரீகால் வேலை இலவசம், எத்தனையாவது உரிமையாளர் என்பது பொருட்டல்ல. ரீகாலுக்கு முன்பே கைக்காசு போட்டுச் சரிசெய்திருந்தால், குறிப்பிட்ட காலத்துக்குள் ரசீதைக் காட்டித் திரும்பக் கேட்கவும் வழி இருக்கிறது. ஆனால் அறிவிப்புக் கடிதம் பழைய உரிமையாளரின் முகவரிக்குப் போயிருக்கலாம். என்.எச்.டி.எஸ்.ஏ. தளத்தில் வின் எண்ணைப் போட்டால் முடிக்காத ரீகால் இருந்தால் காட்டிவிடும், ஒரு நிமிட வேலை. வருடத்துக்கு இரண்டு முறையாவது பாருங்கள், போன முறை 'எதுவும் இல்லை' என்று வந்திருந்தாலும் சரி. 2016-இல் அப்படிப் பார்த்து நிம்மதியாக இருந்த எஃப்-150 உரிமையாளர்களின் வண்டிகளும் 2020 பட்டியலில் வந்தன.